பஷ்தூன் மக்களும் இனப்பற்றும்

"நீ யார்?" என்ற வினாவுக்கு மனிதன் எதை முதலில் விடையாகச் சொல்வான்? குலத்தையா, நாட்டையா, மார்க்கத்தையா? கல்லூரியில் வரலாறு பயின்று இன்று மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, இவ்வினா எழும்போதெல்லாம் பஷ்தூன் மக்களே நினைவுக்கு வருகின்றனர். நம் ஊர்களில் 'பட்டாணியர்' என்கிறோமே, அப்பெயருக்கு உரிய மூல மக்கள் அவர்களே.

17-ஆம் நூற்றாண்டில் குஷ்ஹால் கான் கட்டக் என்னும் கவிஞர், ஔரங்கசீப்பின் ஆட்சியை எதிர்த்து ஒன்றுபடுமாறு பஷ்தூன் குலங்களைத் தம் கவிதைகளால் அழைத்தார். இரு தரப்பாரும் முஸ்லிம்களே. எனினும் குலப்பகை அவர்களை ஒன்றுசேர விடவில்லை.

1893-இல் ஆங்கிலேய அதிகாரி மார்ட்டிமர் டியூரண்டும் அமீர் அப்துர் ரஹ்மானும் செய்த உடன்பாடு, பஷ்தூன் நிலத்தின் குறுக்கே கோடு கிழித்தது. ஒரே மொழியினர் இரு ஆட்சிகளின் கீழாயினர். அந்தப் பிரிவினையே 'நாம் ஓரினம்' என்னும் உணர்வைக் கூர்மையாக்கிற்று.

அவ்வுணர்வுக்கு நல்வடிவம் தந்தவர், நாம் 'எல்லை காந்தி' என்றறிந்த கான் அப்துல் கஃபார் கான். 1921-இல் உத்மான்ஸாயியில் பள்ளி நிறுவினார். 1928-இல் 'பக்தூன்' இதழைத் தொடங்கினார். 1929-இல் 'குதாயி கித்மத்கார்' என்னும் இறைஊழியர் இயக்கத்தைக் கண்டார். பழிக்குப் பழி வாங்குதலை மரபாகக் கொண்ட மக்கள், 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமின்றித் துப்பாக்கிச் சூட்டை எதிர்கொண்டனர். அவர்களிடம் இனப்பற்றும் ஈமானும் முரண்படவில்லை.

1947-இல் அவர்கள் தனிநாடு கோரினர். வாக்கெடுப்பிலோ இந்தியாவா, பாகிஸ்தானா என்பதே கேட்கப்பட்டது. அவர்கள் அதைப் புறக்கணித்தனர். பின்னர் காபூல் அரசு அம்முழக்கத்தைக் கையிலெடுத்தது. ஆனால் அந்நாட்டுக்குள்ளேயே தாஜிக், ஹஸாரா மக்கள் பஷ்தூன் மேலாதிக்கத்தால் குமுறினர். எல்லைக்கு அப்பால் உரிமைக்குரலாய் ஒலித்தது, இப்பால் அதிகாரத்தின் குரலாயிற்று!

2010-இல் பாகிஸ்தானின் எல்லைப்புற மாகாணம் 'கைபர் பக்தூன்க்வா' எனப் பெயர் பெற்றது. 2018-இல் எழுந்த பஷ்தூன் பாதுகாப்பு இயக்கம், காணாமற்போனோரை மீட்கவும் கண்ணிவெடிகளை அகற்றவும் கோரியது. 2024-இல் அவ்வியக்கத்தை அரசு தடை செய்தது.

"மொழிப்பற்றும் இனப்பற்றும் கூடுமா?" என என் மாணவர்கள் கேட்பதுண்டு. தன் மக்களை நேசித்தல் குற்றமன்று. அவர்கள் அநீதி இழைக்கும்போது துணை நிற்பதே மார்க்கம் கண்டிக்கும் அஸபிய்யத். பஷ்தூன் வரலாற்றில் இவ்விரண்டுமே உள்ளன. ஆகவேதான் அதனை என் மாணவர்களுக்குத் தவறாமல் கற்பிக்கிறேன்.