கோவையில் இல்லாத தாள்

அலுமாரியைத் துப்புரவு செய்த வேளையிலே என் பழைய பயிற்சிக் கோவை கையில் அகப்பட்டது. ஆசிரிய கலாசாலையில் நாம் ஒவ்வொருவரும் பேணவேண்டியிருந்த கோவை அது. பாடக்குறிப்புக்கள், பிள்ளைகளின் பயிற்சித் தாள்கள், விரிவுரையாளரின் குறிப்புக்கள், நாமே எழுதும் சுயமதிப்பீடு யாவும் அதில் அடங்கும். ஓவியர் தம் படங்களைத் தொகுத்து வைப்பதுபோல ஆசிரியரும் தம் வேலையைத் தொகுத்துக் காட்டலாமா என்பதை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் லீ சுல்மன் என்பாரும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அன்று நான் அறிந்திருந்ததெல்லாம் அதற்குப் புள்ளி உண்டு என்பதே. வர்ணத்தாள் ஒட்டி அதனை மணப்பெண்போல் அலங்கரித்தேன்.

கற்பித்தற் பயிற்சியின்போது ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல் கற்பித்தேன். விதியைக் கரும்பலகையில் எழுதினேன், "விளங்கியதா?" என்றேன், "ஓம், ரீச்சர்" என்று வகுப்பே முழங்கியது. சுயமதிப்பீட்டில், "பாடம் வெற்றி" என்று எழுதினேன். பின்வரிசையிலிருந்து அவதானித்த என் சகபாடியின் தாளோ வேறு கதை கூறியது. அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி ஐந்திலிரண்டு என விடை எழுதிய பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுள் ஒருவரிடமேனும் நான் செல்லவில்லை. கோபத்தில் அத்தாளைக் கிழித்தெறிந்தேன். மூன்று நாட்கள் அவளுடன் பேசவுமில்லை.

நான்காம் இரவு விடுதியிலே அவள் ஒரு கடதாசியை மடித்துக்கொண்டு என் அருகில் அமர்ந்தாள்.

"அரை பெரிதோ, ஐந்திலிரண்டு பெரிதோ? நீரே சொல்லும்."

அரைதான் பெரிது. அரையோடு ஒன்றைக் கூட்ட, விடை அரையிலும் குறைவதெப்படி? இந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதேயில்லை. பகுதியெண், தொகுதியெண் என்று விதியை ஒப்புவித்தேனேயன்றி, பின்னத்தை நானே விளங்கியிருக்கவில்லை! மறுநாள் பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தி, கடதாசியை மடித்து ஒருவருக்கொருவர் விளக்கச் செய்தேன். அவள் எனக்குச் செய்ததைத்தான் செய்தேன்.

இது புதுமையன்று. 1789இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த பிள்ளையைக் கொண்டே இளையவர்க்குக் கற்பித்தார். 1797இல் அவர் நூல் வெளிவந்தபின், அம்முறை இங்கிலாந்திலும் 'மதராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. ஆயினும் அங்கே மூத்தவன் சொல்ல இளையவன் கேட்டான். எங்கள் விடுதியிலோ இருவரும் ஒரே நிலையினர். வலித்ததும் அதனாலேதான்.

இறுதியில் என் கோவைக்கு உயர்ந்த புள்ளி கிடைத்தது. தன் பிழைத்த பாடங்களையும் மறையாது எழுதி வைத்த அவளுக்கு என்னிலும் குறைவு. அப்பொழுதாவது நான் விரிவுரையாளரிடம் சென்று உண்மையைக் கூறியிருக்கலாம். கூறவில்லை. அவளும் அதைப்பற்றி ஒருநாளும் வாய்திறக்கவில்லை.

இப்பொழுது பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் தம் கோவைகளை என்னிடம் காட்டுகிறார்கள். "பிழைத்த பாடம் எங்கே?" என்றுதான் முதலில் கேட்கிறேன். உம்முடையது எங்கே என்று அவர்களுள் எவரும் இன்னும் என்னைக் கேட்கவில்லை.