ஒரு கிளிக் 44 ரூபாய்

சென்னையில் ஃபிலிம் கழுவுகிறவருக்கு ஐஸ் செலவு என்று ஒன்று தனியாக உண்டு. கறுப்பு வெள்ளைச் சுருளை டெவலப்பரில் போட 20 டிகிரி வேண்டும். மே மாதத்தில் திருவல்லிக்கேணி மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் காலை எட்டு மணிக்கே 33 காட்டுகிறது. அதனால் மீன்காரர்கள் வாங்கும் அதே கடையிலிருந்து ஒரு சாக்கு ஐஸ் லேபின் குறுகலான படிகளில் ஏறி வருகிறது. கலர் சுருளுக்குக் கதை வேறு. அதற்கு 37.8 டிகிரி வேண்டும், கொஞ்சம் வெந்நீர் கலந்தால் தீர்ந்தது. “நம்ம ஊருக்குக் கலர்தான் சார் ராசி” என்றார் லேப் வைத்திருக்கும் அண்ணன்.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “ரேட்டு மட்டும் கரெக்டா போடுங்க.”

அந்த ரேட்டைப் பார்க்கத்தான் நானும் போயிருந்தேன். 36 படம் எடுக்கும் ஒரு கலர் ரோல் 1,150 ரூபாய். கழுவ 250, ஸ்கேன் செய்து கொடுக்க 200. மொத்தம் 1,600. ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் 44 ரூபாய் போகிறது. கண் மூடிய படத்துக்கும் அதே 44தான். இருபது வருடத்துக்கு முன் தெருமுனை ஸ்டுடியோவில் நூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு ரோல் வாங்கி, பிரிண்ட் நன்றாக வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்ட தலைமுறை நம்முடையது. விலை ஏறாத பொருள் எது என்று கேட்கலாம். ஆனால் இந்த ஏற்றத்தின் கணக்கு வேறு மாதிரி. அது எங்கே பிடிபடுகிறது என்றால், இந்த மாடியின் இருட்டறையில்.

அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் அலசும் பையனாகச் சேர்ந்தவர். ஹைப்போ என்ற கெமிக்கல் போகும்வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் வேலை. பிறகு என்லார்ஜர், பிறகு பென்சிலை ஊசிபோல் சீவி நெகட்டிவில் முகத் தழும்பை மறைக்கும் டச்சிங். அப்போது கைக்குக் கிடைத்தது ஊட்டியில் செய்த ‘இந்து’ பேப்பர். 1960இல் தொடங்கி, பிரெஞ்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை அது. தூசியில்லாத குளிர்ந்த காற்றுக்காக நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். எக்ஸ்ரே ஃபிலிம் முதல் சினிமாச் சுருள் வரை அங்கே பூசினார்கள். இறக்குமதிக்குக் கதவு திறந்ததும் நொடித்து, பின்னர் டிஜிட்டலும் வந்து சேர, ஆலை மூடியாகிவிட்டது. இந்துநகர் என்ற ஊர்ப்பெயர் மட்டும் இன்னும் பஸ் போர்டில் இருக்கிறது. “அது இருந்திருந்தா இன்னைக்கு இந்த ரேட்டு இருக்குமாண்ணே?” என்று கேட்டேன். “வாங்க ஆளு இருந்திருந்தா அது ஏன் சார் மூடுது?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஆள் இருந்த காலத்தை அவர் பார்த்திருக்கிறார். முகூர்த்த மாதங்களில் இரவு பகலாகக் கழுவும் மெஷின் ஓடும். மேக்ஸி சைஸ் பிரிண்ட் அருவியாகக் கொட்டும். தொடர்ந்து ரோல் போய்க்கொண்டே இருந்தால்தான் அந்த மெஷினுக்குள் கெமிக்கல் சரியாக நிற்கும். ஓடும் அளவுக்கேற்பப் புதுக் கரைசல் தானாகச் சேரும், பழசு வழியும். வரத்து குறைந்தால் டெவலப்பர் காற்றுப் பட்டுச் செத்துப்போகும். ஓட்டினாலும் நஷ்டம், நிறுத்தினாலும் நஷ்டம் என்று ஆனபோது மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். ஸ்கேனரை மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது கழுவுவது கையால்தான், ஒரு பிளாஸ்டிக் டாங்கில், இரண்டு இரண்டு ரோலாக.

கலர் கெமிக்கல் பெட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் கலவையில் பத்துப் பன்னிரண்டு ரோல் கழுவலாம். கலந்துவிட்டால் சில வாரம்தான் ஆயுள். ஆகவே ரோல் சேரும்வரை அவர் பெட்டியைப் பிரிப்பதில்லை. அவசரம் என்று வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கித் தருகிறார், ரோலை மட்டும் கழுவித் தருவதில்லை. கறுப்பு வெள்ளைக்கு இந்தச் சிறை இல்லை. டி-76 என்ற டெவலப்பரின் செய்முறை 1927 முதல் ஊரறிந்தது: லிட்டருக்கு 2 கிராம் மெட்டால், 100 கிராம் சோடியம் சல்பைட், 5 கிராம் ஹைட்ரோகுவினோன், 2 கிராம் வெங்காரம். பாரிமுனையில் கெமிக்கல் வாங்கி வந்து, நகைத் தராசில் நிறுத்து, அவரே கலக்குகிறார். எந்த வரிசையில் கரைக்க வேண்டும் என்பதில் மட்டும் கறார். மெட்டால் முதலில் கரைய வேண்டும், சல்பைட்டை முன்னால் கொட்டினால் அது கரையாமல் முரண்டு பிடிக்கும்.

செலவைக் குறைக்க அவர் செய்யும் பெரிய வேலை இன்னொன்று. சினிமாவுக்கான 400 அடி சுருள் ஒன்றை மும்பையிலிருந்து வரவழைத்து, அதைத் துண்டு போட்டுச் சின்ன ரோலாகச் சுற்றுவது. படப்பிடிப்பில் நாலு நிமிடம் 26 நொடியில் ஓடி முடிகிற சுருள் அது. இங்கே எழுபதுக்குக் கொஞ்சம் மேல் ரோல் தருகிறது. சுற்றும்போது என்னை உள்ளே நிற்க அனுமதித்தார். செல்போன் வெளியே, கைக்கடிகாரமும் வெளியே. ஏசியின் பச்சைப் புள்ளி வெளிச்சத்தின் மேல் கறுப்பு டேப். கலர் சுருளுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது, முழு இருட்டுதான்.

கண்ணுக்கு வேலையில்லாத இடத்தில் காது விழித்துக்கொள்கிறது. டின் மூடி கழன்றது. சுவரில் 165 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்திருக்கிறார். ஃபிலிமின் நுனியை ஓர் ஆணியில் மாட்டி, மற்றது வரை இழுத்து, கத்தரித்தார். பழைய ரோல்களின் காலி டப்பிகளில் இரண்டு விரற்கடை ஃபிலிம் நாக்குப்போல் நீட்டியிருக்கும். புதுத் துண்டை அதோடு டேப் வைத்து ஒட்டி, டப்பியின் குமிழைத் திருகி உள்ளே சுற்றினார். காட்டன் கையுறை போட்டிருந்தாலும் வியர்வைதான் எதிரி, ஒரு சொட்டு விழுந்தால் யாருடைய முகத்திலோ கறையாக வந்து நிற்கும் என்றார். கத்தரி, டேப், திருகல், மறுபடி கத்தரி. தாளம் ஒருமுறைகூடத் தப்பவில்லை. என்னைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுருளின் விலை தெரியும்.

இப்படிச் சுற்றிய ரோல் கடை ரோலின் விலையில் பாதிக்குச் சற்று மேல் வருகிறது. மிச்சம் பிடித்ததை உழைப்பு கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்தச் சினிமாச் சுருளின் முதுகில் ஒரு கரிப்பூச்சு உண்டு. சோடா உப்புக் கரைசலில் அதை இளக்கி, விரலால் வழித்து, மை கரைத்த தண்ணீர் வடியும்வரை அலச வேண்டும். இப்போது கோடாக் அந்தப் பூச்சு இல்லாமல் செய்யத் தொடங்கியிருப்பது அண்ணனின் விரல்களுக்கு நல்ல செய்தி.

வெள்ளி விலைதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். ஃபிலிமில் ஒளியை வாங்குவது வெள்ளி உப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரோலில் இருப்பது அரை கிராமைத் தாண்டாது. 2025இல் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் அரை கிராம் 75 ரூபாய். மீதி ஆயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வந்தது? வெள்ளியைப் பற்றி அண்ணனுக்கு ஒரு பழைய நினைவு உண்டு. கலர் ஃபிலிமில் வெள்ளி முழுவதும் கழுவும்போதே கரைந்து போய்விடும், நெகட்டிவில் மிஞ்சுவது சாயம் மட்டும். முன்பு அந்தக் கழிவு ஹைப்போவைக் கேன் கேனாக வாங்கிப்போக வெள்ளி எடுக்கிறவர்கள் வருவார்கள், அதில் மாத வாடகையே தேறும். வெள்ளி இவ்வளவு ஏறிய பிறகும் ஒருவரும் படியேறுவதில்லை. மாதம் சேரும் நாலைந்து லிட்டருக்கு ஆட்டோ சத்தம்கூடக் கட்டாதாம்.

அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்கு விடை தேர்க் கணக்கில் இருக்கிறது. சில கிராமங்களில் தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் தேர் இழுப்பார்கள். முந்நூறு குடும்பம் இருந்த ஊரில் நாற்பதுதான் மிஞ்சியது என்றால் தேரின் எடை குறைவதில்லை, ஒரு வீட்டுக்கு விழும் பங்குதான் ஏறுகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருக்கும் கோடாக் பூச்சு ஆலைக்கும் இதே நிலைமை. ஆயிரக்கணக்கான அடி ஓடினால்தான் அந்த இயந்திரத்தைத் தொடங்குவதில் அர்த்தம் உண்டு. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த வருடம் ஃபியூஜி சினிமாச் சுருளையே நிறுத்தியது. 2015இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் இவ்வளவு சுருள் வாங்குகிறோம் என்று கோடாக்குக்கு உறுதி கொடுத்ததால்தான் அந்த ஆலை தப்பிப் பிழைத்தது. நம் தெருவில் பூனையைப் படம் எடுக்கிறவர் அந்தச் சினிமாக்காரர்களின் தயவில்தான் எடுக்கிறார். 2021இல் ஃபியூஜியின் புரோ 400ஹெச் ரகமும் போனது. ஃபியூஜியின் பச்சைப் பெட்டியில் வந்த வேறு சில ரோல்களில் ‘அமெரிக்காவில் தயாரானது’ என்று அச்சாகி வரத் தொடங்கியபோது, கலர் ரோல் விற்கும் பெயர்கள் பலவானாலும் பெரும்பாலும் அடுப்பு ஒன்றுதான் என்று வாங்குகிறவர்களுக்கே புரிந்துபோனது.

இதில் வேடிக்கை, கூட்டம் இப்போது கொஞ்சம் திரும்பி வருகிறது. பென்டாக்ஸ் 2024இல் புதிதாகவே ஒரு ஃபிலிம் கேமரா விட்டது. கல்லூரிப் பிள்ளைகள் தாத்தாவின் யாஷிகாவைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிக்கு வருகிறார்கள். இழுத்து மூடிய ஆலைகளை ஒரே நாளில் திறக்க முடியாது என்பதால், ஆள் கூடினாலும் விலை இறங்கவில்லை, ஏறத்தான் செய்தது. ஃபிலிம் எடுப்பதில் ஒரு தவம் இருக்கிறது, யோசித்து எடுக்க வைக்கிறது என்றெல்லாம் அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள். 44 ரூபாய் எதையும் யோசிக்க வைக்கும்.

ஸ்கேன் மேசையில் இருக்கும் பெண் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள். நெகட்டிவின் தூசியை ஊதி, பிரஷ்ஷால் தட்டி, ஒவ்வொரு படத்துக்கும் நிறம் பார்த்துத் திருத்துகிறாள். ஒரு ரோலுக்கு அரை மணிக்கு மேல் ஆகிறது. ஸ்கேனரை ஓட்டும் கம்ப்யூட்டர் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தது. பழுதானால் செத்துப்போன வேறொரு மெஷினின் உறுப்பைத்தான் தேட வேண்டும். ரோல் விலை மூன்று மடங்கானபோதும் கழுவுகிற கூலியை ஒரே ஒருமுறைதான் ஏற்றியிருக்கிறார் என்பது அண்ணன் மேல் அவளுக்கு இருக்கும் குறை.

“ஏத்தினா வர்ற நாலு பசங்களும் நின்னுடுவாங்கம்மா.”

“கோடாக் ஏத்தினப்ப நின்னாங்களா அங்கிள்?”

நான் அவள் பக்கம்தான். புது ரேட் கார்டை அவள் அடித்தே வைத்திருக்கிறாள்: கழுவ 350, ஸ்கேன் 250. அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. சம்மதித்தால் ஒரு கிளிக் 44இலிருந்து 49 ரூபாய்க்குப் போகும். அந்தக் கூடுதல் பணமாவது ராச்செஸ்டருக்கும் சுங்கத்துக்கும் போகாமல் இந்த மாடியிலேயே தங்கும்.