அப்பாவின் மாத்திரை... மணியின் முழங்கால்!

எங்கள் அப்பா தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். மதுரைத் தெருக்களில் 31 வருடம் சைக்கிள் மிதித்தவர். நாய் துரத்தாத நாளே கிடையாது. இடது கெண்டைக்காலில் கடிபட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர், 12 வருடங்களுக்கு முன்பு மழையில் நனைந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. "இது ஒண்ணாவது என்னைத் துரத்தாம இருக்கட்டும்" என்றார் அப்பா.

அதுதான் மணி.

அம்மா காலமான பிறகு அப்பாவுக்கு மணிதான் துணை. இருவரும் ஒன்றாக மொட்டைமாடிக்குப் போவார்கள், ஒன்றாக டீ நேரத்துக்குக் காத்திருப்பார்கள். அப்பாவுக்கு நாலு பிஸ்கட் என்றால் மணிக்கு ஆறு.

போன வருடம் ஐப்பசி மழையில்தான் அந்த மாற்றத்தைக் கவனித்தேன். காலையில் எழுந்திருக்கவே மணி நேரமெடுத்தான். பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்து, பத்து எட்டு வைத்த பிறகுதான் நடை சீரானது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டான். பின்னங்கால் மூட்டை நக்கிக்கொண்டே இருந்தான். இடுப்பில் கை வைத்தால் உறுமினான். 'வயசாயிடுச்சு, வேறென்ன' என்று விட்டுவிட்டேன். வலி இருந்தால் கத்த மாட்டானா?

மாட்டான். நாள்பட்ட வலியில் நாய்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. "எனக்குக் காலையில முட்டி எப்படிப் பிடிச்சுக்குதோ, அதேதாம்மா இவனுக்கும்" என்றார்.

ஒரு வாரம் கழித்து மணி சாப்பாட்டைத் தொடவில்லை. மத்தியானம் வாந்தி எடுத்தான், அதில் ரத்தம் இருந்தது. மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. ஆட்டோ பிடித்து கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இளம்வயது டாக்டர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மனுஷங்க சாப்பிடுற மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்லையே" என்றேன் நான்.

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான்தாம்மா கொடுத்தேன். என் முட்டிவலி மாத்திரை. பாதி பாதியா, இட்லிக்குள்ள வச்சு... மூணு நாளா."

அது டைக்ளோஃபினாக். டாக்டர் திட்டவில்லை. "பாசத்துலதான் கொடுத்திருக்கீங்க ஐயா. ஆனா நம்ம உடம்பு மாதிரி நாயோட உடம்பு இதைத் தாங்காது. வயிறு புண்ணாகி ரத்தம் கசியும். கிட்னியும் போயிடும்" என்றார். ஐபுபுரூஃபெனும் அப்படித்தானாம். பாராசிட்டமாலை நாமாகக் கொடுத்தால் நாய்க்குக் கல்லீரல் கெடலாம். பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறித்துவிடும் என்றார்.

மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. அப்பா வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. நான்காம் நாள் மணி வாலை லேசாக ஆட்டினான். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தப்பித்துவிட்டது என்று தெரிந்தது. அன்றைக்குத்தான் அப்பா ஒரு டீ குடித்தார்.

உயிர் பிழைத்துவிட்டான், சரி. மூட்டுத் தேய்மானம் அப்படியேதானே இருக்கிறது? நாய்களுக்கென்றே வலி மாத்திரைகள் உண்டு. ஆனால், வயிற்றுப் புண் ஆறும்வரை அதையும் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். "அதுவரைக்கும் மருந்தில்லாம பார்த்துக்கணும். வீட்டைக் கொஞ்சம் மாத்தணும், அவ்வளவுதான்" என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார்.

முதலில் எடை. மணி 27 கிலோ இருந்தான். உடல் எடையில் 6 முதல் 9 சதவீதம் குறைந்தாலே நொண்டுவது குறைகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றனவாம். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்திருக்கிறார்கள். கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை, மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. "பிஸ்கட்டை நிறுத்துங்க ஐயா" என்றார் டாக்டர். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்து தரை. எங்கள் வீட்டில் வழுவழு டைல்ஸ். வலி உள்ள நாய்க்கு அது ஐஸ் மேல் நடப்பது போல. மணி படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம், வாசல்வரை ரப்பர் விரிப்பும் பழைய கால்மிதியடிகளும் போட்டோம். வளர்ந்திருந்த நகங்களை வெட்டினோம். வெறும் தரையில் படுத்தவனுக்குப் பழைய மெத்தை ஒன்றை மடித்துப் போட்டேன். இரண்டே நாளில், சறுக்காமல் எழுந்து நின்றான்.

மூன்றாவது ஒத்தடம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து சூடு பார்த்துவிட்டு, காலையில் பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பில் வைப்பேன். பிறகு மூட்டை அழுத்தாமல், சுற்றியுள்ள தசையை மட்டும் மெதுவாக நீவிவிடுவேன். இது பழைய வலிக்குத்தான். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் சூடு கூடாது.

நான்காவது நடை. வலிக்கிறதே என்று படுக்கவே விட்டால் தசை இளைத்து, மூட்டு இன்னும் இறுகிவிடும். அதனால் ஒரேயடியாக நீண்ட தூரம் போகாமல், பத்து நிமிட நடையாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை. ஓட்டமும் தாவலும் கிடையாது.

கடைசியாக மீன் எண்ணெய். அதிலுள்ள ஒமேகா 3 மூட்டு வீக்கத்தைத் தணிக்க உதவுமாம். அளவை எடைக்கு ஏற்றபடி டாக்டரே சொன்னார். கூடினால் வயிற்றுப்போக்கு வரும்.

இதற்குள் தெருவே மணிக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்திருந்தது. எதிர்வீட்டு அக்கா வேகவைத்த பூண்டு கொண்டுவந்தார். மாடிவீட்டுத் தாத்தா தைலப் பாட்டிலை நீட்டினார். எல்லாமே நல்ல மனதோடுதான். ஆனால், பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வலித் தைலங்களில் பெரும்பாலும் கற்பூரமும், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த ஒரு பொருளும் இருக்கும். நாம் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம், நாய் நக்கி விழுங்கிவிடும். மஞ்சளைப் பற்றியும் கேட்டேன். "சோத்துல ஒரு சிட்டிகை போட்டா கெடுதல் இல்லை. வலி போகும்னு நம்பி இருக்காதீங்க. மஞ்சள் மாத்திரையெல்லாம் என்னைக் கேக்காம வேண்டாம்" என்றார் டாக்டர். 'இயற்கைதானே, என்ன செய்துவிடும்' என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது எதைக் கொடுப்பதாக இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.

நான்கு மாதத்தில் மணி இரண்டரை கிலோ குறைந்தான். குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. மழை நாட்களில் அவதிப்படுகிறான். அப்போது டாக்டர் எழுதித்தந்த நாய் மாத்திரையை, அவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிறோம். ஒத்தடமும் நடையும் இருப்பதால் மாத்திரை தேவைப்படும் நாட்கள் குறைவு. இடுப்பைத் தொட்டால் இப்போது உறுமுவதில்லை.

அப்பா மட்டும் ரொம்ப நாள் தன்னை மன்னிக்கவில்லை. தன் மாத்திரை அட்டைகளைப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் மாத்திரை போட வேண்டுமென்றாலும் என்னிடம்தான் சாவி கேட்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு இருவரும் கிளம்புகிறார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போய், திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். யாருக்காக யார் மெதுவாக நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வந்ததும் டீ. மணிக்கு வெள்ளரிக்காய் நாலு துண்டு.

போன வாரம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. "வாங்கிட்டு வரவாப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா. அவன் பார்த்துக்கிட்டே இருக்கறப்ப நான் மட்டும் எப்படித் திங்கிறது?" என்றவர், மணியின் தட்டிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.