யார் சொல்லிக் கொடுப்பது?

தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரமலரில் மருத்துவக் கேள்வி-பதில் பகுதி ஒன்று வெளிவந்துகொண்டிருந்தது. பதில் எழுதியவர் கொழும்பில் தொழில் புரிந்த ஒரு வைத்தியர். வரும் கடிதங்களைப் பிரித்து வாசித்து, பிரசுரிக்கத் தக்கவற்றைத் தெரிந்து அவருக்கு அனுப்பும் வேலை, ஆசிரிய பீடத்தில் இளையவன் என்ற காரணத்தால் என் தலையில் விழுந்தது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று வந்தவனுக்கு இது என்ன வேலை என்று முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. இரண்டு மாதங்களில் அந்தச் சலிப்புப் போய்விட்டது.

நீரிழிவு, முட்டு, மூட்டுவலி பற்றிய கடிதங்களில் பெயர், முகவரி, வயது, தொழில் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். மற்றக் கடிதங்களில் எதுவும் இராது. ‘பெயர், ஊர் போட வேண்டாம்’ என்ற ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கும். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள். சிலவற்றில், கையெழுத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இடக்கையால் எழுதியது போன்ற கோணல் எழுத்துகள். இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியையே கேட்டார்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. இதனால் நரம்பு தளர்ந்து நினைவாற்றல் குறையுமா, க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தி எய்த முடியுமா? பெண்பிள்ளைகளின் கேள்விகள் வேறு விதமானவை. முத்தமிட்டால் கரு உண்டாகுமா? ஆண்கள் குளித்த தொட்டியில் குளித்தால்? இவற்றை உரக்க வாசித்து ஆசிரிய பீடத்தில் சிரித்தவர்கள் உண்டு. பிழை திருத்தும் பகுதியில் இருந்த வயதான ஒருவர் மட்டும் சிரிப்பதில்லை. அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

வடக்கிலிருந்து வந்த கடிதம் ஒன்று இன்றும் நினைவில் இருக்கிறது. யுத்தம் காரணமாகத் தபால் எப்போது வரும், பத்திரிகை எப்போது போகும் என்று எவராலும் சொல்ல முடியாத காலம். ‘எனக்கு வயது 17. நாள் தள்ளிப் போய் இன்றோடு 20 நாள். ஒரே ஒருமுறைதான். ஒருமுறையில் அப்படி வருமா? கெதியாகப் பதில் போடவும்.’ அவ்வளவுதான். கடிதத்தில் இடப்பட்டிருந்த திகதி ஐந்து வாரங்களுக்கு முற்பட்டது. வைத்தியர் அன்றே பதில் எழுதித் தந்தார். அடுத்த ஞாயிறே அது அச்சேறியது. அந்தப் பிரதி அவளுடைய ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அதற்குள் அவளுக்கு விடை தெரிந்திருக்கும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அன்றும் அதே சட்டம், இன்றும் அதே சட்டம்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாதவள் அல்லள். வாக்கியம் பிழையற்றிருந்தது, ஒற்றுக்கூடத் தவறவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்கம் என்ற அலகை அவள் கடந்து வந்திருப்பாள். கடந்து வந்த விதத்தை என் தலைமுறையினருக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் கல்லூரியில் பூவின் மகரந்தச் சேர்க்கையை மூன்று பாடவேளைகள் படம் கீறி விளக்கிய ஆசிரியர், மனிதனிடம் வந்ததும், “இதை வீட்டிலை வாசியுங்கோ, சோதினைக்குப் பெரிசா வராது” என்று கூறி அடுத்த அலகுக்குப் போனார். நூலகத்திலிருந்த அப்புத்தகத்தின் பிரதிகள் எல்லாம், மேசையில் வைத்ததும் அந்தப் பக்கத்தில் தாமாகவே விரியும்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கு அந்தச் சொற்களை வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? தமிழில் இவ்விடயத்துக்கு இரண்டு சொற்றொகுதிகள் உண்டு. ஒன்று பஸ் நிலையக் கழிப்பறைச் சுவருக்குரியது. மற்றது பாடநூலுக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் உரியது. ஒரு தாய் தன் ஐந்து வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சொல்லத் தக்க சொல் இவ்விரண்டிலும் இல்லை. எட்டுத்தொகையின் பெரும்பகுதி அகப்பாடல்கள், திருக்குறளில் காமத்துப்பாலுக்கு 250 குறள்கள் என்று முன்னோர் பெருமையைத் தூக்கி வருவோர் உண்டு. நானும் அவற்றைப் படித்துப் பட்டம் பெற்றவனே. ஆனால் சங்கப் புலவர்கள் எவரும் ஐந்து வயதுப் பிள்ளைக்காக எழுதவில்லை.

ஆகவே நாம் மழலைச் சொற்களை உண்டாக்கிக்கொண்டோம். ஆண்பிள்ளைக்குக் குஞ்சு, குஞ்சாமணி. பெண்பிள்ளைக்கு அதுவும் கிடையாது. ‘பப்பி ஷேம்’ என்று ஓர் ஆங்கிலக் கேலிதான். உடுப்பில்லாமல் நிற்பதும் பப்பி ஷேம், அந்த உறுப்பும் பப்பி ஷேம், பிள்ளையை அதட்டுவதும் பப்பி ஷேம்.

இந்தச் சொல்லின் விலை என்ன என்பதைக் கிழக்கில் பொலிஸ் நிலையமொன்றின் சிறுவர், பெண்கள் பிரிவில் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒரு தமிழ் உத்தியோகத்தர் எனக்குச் சொன்னார். ஏழு வயதுச் சிறுமி. வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவர். அந்தப் பிள்ளை மறைக்கவில்லை. “மாமா எனக்குப் பப்பி ஷேம் செய்தவர்” என்று தாயிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறது. குளித்துவிட்டு வெறும் மேலோடு ஓடித் திரிந்ததற்கு அவர் பகிடி பண்ணியிருக்கிறார் என்று எண்ணிய தாய், “பின்னை, சட்டையைப் போடாமல் திரிஞ்சால் செய்வினம்தானே” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் தடவை பிள்ளை சொல்லவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பின்னர் வயிற்று நோவென்று வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இடத்தில்தான் விடயம் வெளிவந்தது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுத வேண்டியிருந்தது. பப்பி ஷேம் என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனதாக அந்த அம்மையார் கூறினார்.

சட்டத்தில் இதற்கு இடம் செய்யப்பட்டிருக்கிறது. சிறுவரின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்பதற்கு 1999ஆம் ஆண்டிலேயே ஏற்பாடு செய்தார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாகியது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் தொலைபேசியில் முறையிடலாம். ஆனால் தொலைபேசியைக் கையிலெடுத்த பிள்ளை என்ன சொல்லும்?

பத்திரிகைக்காரர்களாகிய நாங்களும் சொற்களோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். ஒரு காலத்தில் ‘கற்பழிப்பு’ என்றே தலைப்பிட்டோம். பாதிக்கப்பட்டவளே எதையோ இழந்தவள் என்று அச்சொல் தீர்ப்பளிக்கிறது எனப் பெண்கள் அமைப்புகள் ஆட்சேபித்த பின்னர் ‘பாலியல் வல்லுறவு’ வந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் ‘பாலியல் துஷ்பிரயோகம்’. பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் உச்சரிக்கவும் முடியாத சொல்.

பேசத் தயங்கும் இந்தச் சமூகம் கூச்ச சுபாவமுள்ளது என்று வெளியார் எவரும் நினைத்தால், அவரைச் சாமத்திய வீடொன்றுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். பிள்ளை பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்பதை ஊருக்கே அறிவிக்கிறோம். குப்பைத்தண்ணி வார்த்து, உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, நாள் பார்த்து, அழைப்பிதழ் அடித்து, மண்டபம் எடுத்து, வீடியோவும் பிடிக்கிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இது இன்னும் பெரிதாக நடக்கிறது. தாய்மாமன் தேங்காய் உடைக்கிறார், மாமிமார் ஆலாத்தி எடுக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் பட்டுச் சேலையில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், உன் உடம்பில் நடந்தது இதுதான் என்று உட்கார்ந்து சொன்னவர் எத்தனை பேர்? பலருக்குக் கிடைத்த ஒரே போதனை, ‘இனிப் பெடியளோடை விளையாடக் கூடாது’ என்பதுதான். அவளுடைய அண்ணனுக்கோ சடங்கும் இல்லை, போதனையும் இல்லை. அவனுக்கு முன்பு மூத்த மாணவர்கள் கற்பித்தார்கள். இப்போது கைத்தொலைபேசி கற்பிக்கிறது. அது கற்பிப்பது எத்தகைய பாடம் என்பது பெற்றோருக்கும் தெரியும்.

சட்டத்தைக்கூட நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயது இலங்கையில் 16. அதற்கு முன் 12 ஆக இருந்தது! பொதுச் சட்டத்தின்படி திருமண வயது 18. பதினைந்து வயதுக் காதலியைக் கூட்டிக்கொண்டு ஓடும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இவ்விரு இலக்கங்களும் தெரியாது. அவள் விரும்பி வந்தாள் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது என்பதை அவன் விளக்கமறியலில்தான் அறிந்துகொள்கிறான். பிராந்தியச் செய்திகளைச் செப்பனிடுபவர்களுக்கு இத்தகைய செய்தி வாராத வாரம் இல்லை. 2009இல் முடிந்த யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், வன்னியில் பிள்ளைகளை ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பதினாறு, பதினேழு வயதிலேயே அவசர அவசரமாக மணம் முடித்து வைத்த பெற்றோரையும் நான் குறை கூற மாட்டேன். அந்தப் பிள்ளைகள் எதை அறிந்துகொண்டு மணவறையில் இருந்தார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

சரி, யார் சொல்லிக் கொடுப்பது? இதெல்லாம் பெற்றோரின் பொறுப்பு, பள்ளிக்கூடம் தலையிடக் கூடாது என்போர் ஓர் உண்மையைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறார்கள். பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர் அநேகமாகப் பிள்ளைக்குத் தெரிந்தவர். பெரும்பாலும் வீட்டுக்குள் வரக்கூடியவர். சில வேளை வீட்டிலேயே இருப்பவர். தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணியில் இருக்க, பிள்ளையை அப்பம்மாவோ சித்தப்பாவோ பார்க்கும் குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனை? ‘பெற்றோர் கற்பிக்கட்டும்’ என்பது அந்தப் பிள்ளைக்கு என்ன பொருள் தரும்? வீட்டுக்கு வெளியே ஒருவர் அவளுக்கு அந்தச் சொற்களைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆசிரியர்களுள்ளும் கை நீட்டுபவர்கள் உண்டு என்று யாராவது சொன்னால், ஆம், அதனால்தான் வீட்டிலும் வேண்டும் என்பேன்.

ஆயத்தமில்லாத ஆசிரியர் ஒருவர் இதைக் கேலிக்கூத்தாக்கிவிடுவார் என்ற அச்சம் நியாயமானது. என் விஞ்ஞான ஆசிரியரை வற்புறுத்திப் படிப்பிக்க வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியரைப் பயிற்றாமல் புத்தகத்தை மட்டும் அச்சடிப்பதில் பயனில்லை. ஆனால் நம் நாட்டில் புத்தகமே வகுப்பறைக்குப் போவது கடினம். ஏழாம் தர மாணவருக்கென்று கல்வி, சுகாதாரத் துறையினர் சேர்ந்து தயாரித்த ‘ஹதே அபே பொத’ என்ற சிங்கள நூல், 2020ஐ ஒட்டிய காலத்தில் மதத் தலைவர்கள் உள்ளிட்ட பலரின் எதிர்ப்பினால் முடங்கிப் போயிற்று. அறிந்தால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதங்களுள் ஒன்று. யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, இக்கல்வி அப்படி முன்கூட்டித் தூண்டுவதில்லை என்றே கூறுகிறது. அதை யார் வாசித்தார்கள்!

புலம்பெயர்ந்தோர் இவ்விடயத்தில் நம்மைவிட முன்னேறியவர்கள் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரிலிருந்து ஆரம்பப் பாடசாலைகளில் உறவுமுறைக் கல்வி கட்டாயம். பாலியல் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இலண்டனிலிருக்கும் என் மச்சான் ஒருவர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசி எடுத்தார். “நீ பேப்பர்க்காரன், சொல்லு பாப்பம். பத்து வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையோ?” அவருடைய மூத்த மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான் போயிருந்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை, தலைவன் வரவில்லையே என்று விரகத்தில் உருகும் நாயகியாக முக்கால் மணி நேரம் வர்ணம் ஆடினாள். முன்வரிசையில் இருந்து கண்கலங்கியவர் அவர். அதை நினைவூட்டினேன். “அது பக்தியடா” என்றார். கடிதத்தில் கையெழுத்திட்டாரா இல்லையா என்பதை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

நம்பிக்கை தரும்படி நான் கண்டது வவுனியாப் பக்கத்தில் ஒரு குடும்பநல மாதுவிடம். கர்ப்பிணிகளைப் பார்க்கவும் குழந்தைகளை நிறுக்கவும் வீடு வீடாகச் செல்லும் பெண். நிறுவை முடிந்ததும் தாய்மாரை இருத்தி, பிள்ளையின் உறுப்புகளுக்குச் சரியான பெயரைச் சொல்லிப் பழக்கும்படி கேட்கிறார். எவரும் சண்டைக்கு வரவில்லையா என்று கேட்டேன். வருவதில்லையாம். எல்லாத் தாய்மாரும் கேட்பது ஒரே கேள்வியைத்தானாம்: “வந்தவை போனவைக்கு முன்னாலை பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டால்?”

“நீங்கள் என்ன சொல்லுவியள்?”

“முழங்கை எண்டும்தான் பழக்கினனீங்கள். அதை எத்தினை பேருக்கு முன்னாலை சொல்லுது எண்டு கேப்பன்.”