மாவுக்கட்டும் கார்பன் ஃபைபரும்: அச்சு எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு இழை

ஒரு டாக்டருக்கு கார் இன்ஜின்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. காரணம் இருக்கு.

1. விழுப்புரத்துல ஒரு தம்பி வந்தார். ரெண்டு கையும் கொப்புளம், கண் இமை வீக்கம். "என்ன ஆயின்மென்ட் போட்டும் போகல சார்." திண்டிவனத்துல மெக்கானிக். ராத்திரி வீட்டு மாடியில கார்பன் ஃபைபர்ல இன்ஜின் கவர், ஏர் இன்டேக் செய்யறார். அச்சும் அவரே எடுக்கறார்.

2. அவர் செய்யறதும் நாங்க செய்யறதும் ஒரே வேலைதான். காலுக்கு காலிப்பர் செய்ய, மாவுக்கட்டு சுத்தி கழட்டுவோம். அந்தக் கூட்டுக்குள்ள மாவு ஊத்தினா காலின் வடிவம் கிடைக்கும். அது மேலதான் காலிப்பர். அவர் பழைய பார்ட்டுக்கு மெழுகு தடவி, கண்ணாடி நாரும் ரெசினும் போட்டு அச்சு எடுக்கறார். அந்த அச்சுக்குள்ள கார்பன் துணி.

3. அப்துல் கலாம் சொன்ன சம்பவம் ஒண்ணு. ஹைதராபாத் நிஜாம்ஸ் மருத்துவமனை எலும்பு மருத்துவர் ஒருவர் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அக்னி ஏவுகணைக்கான பொருளைத் தூக்கிப் பார்த்திருக்கார். அவ்வளவு லேசு. பிறகு கலாமை வார்டுக்கே அழைச்சிட்டுப் போனார். அங்கே 3 கிலோவுக்கும் மேலான உலோகக் காலிப்பரோடு குழந்தைகள். மூணு வாரத்துல 300 கிராம் காலிப்பர் தயாரானது. அதனால இந்த வேலையை நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

4. பிரச்சனை எங்கே? கார்பன் துணியில இல்ல, ரெசின்ல. எப்பாக்ஸியும் அதன் ஹார்டனரும் தோல்ல பட்டுப் பட்டு அலர்ஜியா மாறும். பல மாசம் ஒண்ணும் பண்ணாது. ஒருமுறை வந்துட்டா, பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அப்புறம் துளி பட்டாலும் வீங்கும். ஒரு தொழிலே கைவிட்டுப் போகும்.

5. கையை தின்னர், அசிட்டோன் போட்டுக் கழுவாதீங்க. தோலின் எண்ணெயை எடுத்துட்டு ரெசினை உள்ளே அனுப்பும். சோப்பும் தண்ணியும் போதும். நைட்ரைல் கையுறை போடுங்க, அடிக்கடி மாத்துங்க. சாதா ரப்பர் கையுறை ரெசினைத் தடுக்காது.

6. தேய்க்கும்போது தண்ணி விட்டுத் தேய்ங்க. தூசிக்கு என்95 மாஸ்க். ஆனா அது ஆவியைத் தடுக்காது, காத்தோட்டம் வேணும்.

7. அச்சுக்கு பாலியஸ்டர் ரெசின் எடுத்தா கண்ணாடி கட்டாயம். அதன் ஹார்டனர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். பட்டா உடனே 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அந்த ஹார்டனரையும் கோபால்ட்டையும் நேரடியா கலக்கவே கூடாது. வெடிக்கும்.

8. கவர், இன்டேக் செய்யலாம். ஆனா சாதா எப்பாக்ஸி 60-80 டிகிரியிலேயே இளகும். இன்ஜின் கூலன்ட்டே 90 டிகிரி தொடும். சூடு தாங்கும் ரெசின் வாங்கி, அடுப்புல முறையா சுடணும். எக்ஸாஸ்ட் பக்கம் போகவே வேணாம்.

9. கை அரிச்சா, இமை வீங்கினா, கடையில கேட்டு க்ரீம் வாங்காதீங்க. முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்குப் போய், என்ன வேலை செய்யறீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அதைச் சொல்லாம வர்றவங்களுக்குத்தான் மாசக்கணக்கா படர்தாமரை மருந்து ஓடுது.

உங்க தெருவுல இப்படி ஒரு தம்பி இருந்தா இதை அனுப்புங்க. அச்சு உடைஞ்சா இன்னொண்ணு எடுக்கலாம். கைக்கு அச்சு கிடையாது.