அக்காவுக்கு ஒரு கடிதம்

பிரிஸ்பேன்

அன்புள்ள அக்காவுக்கு,

வீடியோக்களைப் பார்த்து நீ வரைந்த பனிமலைப் படங்கள் வந்து சேர்ந்தன. "இந்த வயசுல ஆரம்பிச்சு என்னத்தக் கத்துக்கப்போறேன்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு சாலி கபோரி என்ற ஓவியரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே, கார்பென்டேரியா வளைகுடாவில் பென்டிங்க் என்று ஒரு சிறிய தீவு. அங்கே கையாடில்ட் பழங்குடியில் 1924 வாக்கில் பிறந்தவர். கரையோரம் கல்லை அடுக்கி வளைத்திருப்பார்கள்; கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் மீன், தண்ணீர் வற்றும்போது அதற்குள் சிக்கிக்கொள்ளும். அந்தக் கல் சுவர்களைப் பராமரித்த கை அவருடையது. 1948இல் புயலும் கடலும் புகுந்து குடிநீர் உப்பாகிவிட, மிஷனரிகள் எல்லோரையும் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளை விடுதியில் பிரித்து வைத்துத் தாய்மொழி பேசவும் தடை போட்டார்கள். ஊர் திரும்பும் வழி பிறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

பிரஷ்ஷை எடுத்தது 2005இல், எண்பது வயதுக்கு மேல். வரைந்ததெல்லாம் அந்தத் தீவைத்தான்: தான் பிறந்த மிர்திதிங்கி, அப்பாவின் துண்டி, கணவரின் திபிர்திபி. 2015இல் இறப்பதற்குள் ஏறத்தாழ 2000 படங்கள்! 2022இல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளை அவருக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது.

இங்கே அவர் படத்தின் அருகே நின்று பார்த்தேன். காயாத வெள்ளைமேல் சிவப்பை இழுத்திருக்கிறார். இரண்டும் சேரும் ஓரத்தில் ரோஜா நிறம் தானாக விளைந்திருக்கிறது. மரம், வீடு, அடிவானக் கோடு எதுவும் இல்லை. உப்பளமும் ஆழக் கடலும் நிறமாகவே கிடக்கின்றன. அத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த இடம் என்பதால்தான் கை தயங்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பனிமலை வீடியோக்களைப் பார்த்து வரைவதை விட்டுவிடு. நீ பார்த்திராத மலை அது. நம் ஏரி உனக்குத் தெரியும். மதகைத் திறந்ததும் வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரின் செம்பழுப்பு, கோடையில் பாளம் பாளமாக வெடித்த வண்டல், கலிங்கில் படியும் பாசி. இந்த நிறங்களை உன்னைப்போல் அறிந்தவர்கள் நம் வீட்டில் யாரும் இல்லை.

நோட்டு அளவுத் தாள் வேண்டாம், பெரிய கேன்வாஸாக வாங்கு. பணம் அனுப்புகிறேன். ஏரியை வரைந்ததும், காய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்புத் தங்கை