பச்சைக் குழந்தைக்கு மூச்சு: பையா, மெஷினா?

பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்குன்னு நினைப்பீங்க. நர்ஸா இருக்கற அக்கா வீட்டுக்கு வந்தா இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு, இது நம்ம பாடத்துக் கேள்வின்னே தோணிடுச்சு: இருக்கற காசை எதுல போடறது?

பிறக்கற குழந்தைகள்ல பெரும்பாலானவை தானா மூச்சு விட்டுடும். சிலதுக்கு ஈரம் துடைச்சு முதுகைத் தேய்ச்சாலே போதும். நூத்துக்கு சுமார் 5 குழந்தைகளுக்குத்தான் நாம காத்து கொடுக்கணும், அதுவும் முதல் நிமிஷத்துக்குள்ள. கையால கொடுக்க மூணு கருவி இருக்கு.

ஒண்ணு, ஆம்பு பை. டென்மார்க்கில் ஹெஸ்ஸேங்கற பொறியாளரும் ரூபன்ங்கற மயக்க மருத்துவரும் உருவாக்கி, 1956ல விற்பனைக்கு வந்தது. அமுக்கி விட்டா தானே உப்பிக்கும். கரண்ட், சிலிண்டர் இல்லாமலே வேலை செய்யும். ஆனா ஒவ்வொரு அமுக்கும் ஒரே அளவா இருக்காது. மூச்சு வெளியேறின பிறகு நுரையீரல் சுருங்கிடாம காக்கற சின்ன அழுத்தமும் சரியா நிக்காது.

ரெண்டாவது, வாயு வந்தா மட்டும் உப்பற பை. மாஸ்க் சரியா பொருந்தலைன்னா உடனே தொய்ஞ்சு காட்டிக் கொடுத்திடும். கை பழக நாளாகும்.

மூணாவது, டி-பீஸ். அழுத்தத்தை முன்னாடியே திருகி வச்சிட்டு, துளையை விரலால மூடித் திறந்தா போதும். விலை ஜாஸ்தி, அழுத்த வாயு இல்லாம ஓடாது.

2014ல வெளியான ஒரு ஆய்வுல 5 நாடுகள்ல ஆயிரத்துக்கு மேல குழந்தைகள். ரெண்டு நிமிஷத்துல இதயத் துடிப்பு 100ஐத் தொட்டது டி-பீஸ்ல 94%, ஆம்பு பையில 90%. பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா தொண்டையில குழாய் போட வேண்டி வந்தது 17%, 26%. இதுல டி-பீஸ்தான் மேல்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். ஆனா அஞ்செட்டி மலைக் கிராமத்துல இருந்து ஓசூர் வர்றதே பெரும்பாடு. 108 எவ்வளவு வேகமா வந்தாலும் அந்த முதல் நிமிஷத்துக்கு வந்து சேராது. அங்க பிரசவம் பாக்கறவங்க கையில இருக்கறதுதான் கணக்கு.

அதனால என் கணக்கு இது. 2022ல திறந்த கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களுக்கு டி-பீஸ், பக்கத்துலயே ஒரு ஆம்பு பையும். பிரசவம் நடக்கற மத்த எல்லா இடத்துக்கும் ஆம்பு பை, ரெண்டு அளவு மாஸ்க், பொம்மையை வச்சு அடிக்கடி பயிற்சி.

மெஷின் வாங்கினா சொத்துப் பட்டியல்ல ஏறும். பயிற்சி வெறும் செலவுக் கணக்குல போயிடும். அதனாலயே அதை வெட்டறது சுலபம். வெட்டவே கூடாத செலவு அதுதான்.